ஹாப்சனும் ஜாப்சனும் யார்?

 

எங்கள் துறையில் எனக்கு இளையவரான ஆய்வு மாணவி ஒருவர், தமிழில் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களைப் பற்றித் தாம் எழுதிவரும் இயலின் வரைவைப் பார்த்துத் தரும்படி அண்மையில் அனுப்பியிருந்தார். பிறமொழிச் சொல் ஒன்று, கடன் வாங்கும் மொழியின் ஒலியமைப்புக்கு ஏற்பத் திரிவதை ‘ஹாப்சன்-ஜாப்சன் விதி’ என்று மொழியியலார் சிலர் குறிப்பதுண்டு. அந்தப் பெயரை அவர் சரியான இடத்தில்தான் கையாண்டிருந்தார். ஆனால் அதற்கு இட்டிருந்த அடிக்குறிப்பு, இவ்விதியை வகுத்த ஹாப்சன், ஜாப்சன் ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மொழியியலாளர்கள் என்று கூறியது. கிரிம் விதி, வெர்னர் விதி, கிராஸ்மன் விதி என்று படித்து வந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. நேரில் பார்த்தபோது அந்தக் குறிப்பைச் சுட்டிக் காட்டினேன். “அப்ப அவங்க ரெண்டு பேரும் யாருதான் அண்ணா?” என்று கேட்டார்.

சுருக்கமான விடை, அப்படி இருவர் இல்லை என்பது. நீண்ட விடையோ, இருவர் இருந்தார்கள், ஆனால் அவர்களின் பெயர்கள் வேறு என்பது. அந்த நீண்ட விடையே இந்தப் பதிவு.

‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்பது ‘யா ஹசன்! யா ஹுசைன்!’ என்ற அழுகுரலின் திரிபு. நபிகளாரின் பேரர்களான ஹசன், ஹுசைன் ஆகிய இருவரின் பெயர்களையும் சொல்லி, முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அறைந்துகொண்டு எழுப்பப்படும் ஒலி அது. இளையவரான ஹுசைன், ஹிஜ்ரி 61ஆம் ஆண்டு முஹர்ரம் மாதம் பத்தாம் நாள், அதாவது கி.பி. 680இல், கர்பலாவில் தம் உற்றாரோடு கொல்லப்பட்டார். மூத்தவரான ஹசன் அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே மதீனாவில் இறந்தார். அவர் நஞ்சூட்டப்பட்டார் என்பது ஷியா மரபு. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் மறைந்தவர்கள். அழுகையில் அவர்களின் பெயர்கள் இணைந்தன. அந்த இணைப்பை இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைவீரர்களின் காது, தன் நாட்டுத் தெருவில் கேட்டுப் பழகிய இரண்டு பெயர்களாக மாற்றிக்கொண்டது.

இன்று இச்சொல்லை அறிந்தவர்களுள் பெரும்பாலோர் அதை ஒரு நூலின் பெயராகவே அறிவர். 1886இல் லண்டனில் ஜான் மர்ரி நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி அது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் என்னும் இருவர். யூல் வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மார்க்கோ போலோவின் பயணநூலைப் பதிப்பித்தவர். பர்னெல் நமக்கு நெருக்கமானவர். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்து தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய எழுத்துவடிவங்களின் வரலாற்றை 1874இல் நூலாக்கியவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு 1880இல் அட்டவணை வெளியிட்டவர். சரசுவதி மகால் சுவடிகளோடு பழகும் எவரும் அவர் பெயரைக் கடக்காமல் போக முடியாது. 1870களின் தொடக்கத்தில் அறிமுகமான இருவரும் கடிதங்களின் வழியே இந்த அகராதியை வளர்த்தார்கள். பர்னெல் 1882இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். நூலை முடித்து வெளியிட்டவர் யூல்.

அகராதிக்கு இந்தப் பெயரை வைத்தவரும் யூல்தான். வறட்சியான தலைப்பு நூலின் விற்பனைக்கு உதவாது என்று அவர் கருதினார். நூலுக்கு ஆசிரியர் இருவர் என்பதை இந்த இரட்டைப் பெயர் மறைமுகமாகச் சொல்லும் என்றும் முன்னுரையில் எழுதினார். ஆங்கிலோ-இந்தியப் பேச்சுவழக்கின் சுவையான மாதிரியாகவே இச்சொல்லை அவர் கண்டார். அப்படியானால் அட்டையில் நிற்கும் ஹாப்சனும் ஜாப்சனும் ஒரு வகையில் யூலும் பர்னெலும்தான். அவர்களுக்கு அடியில் ஹசனும் ஹுசைனும் இருக்கிறார்கள். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே, இறந்துபோன நண்பரையும் தம்மையும் குறிக்க யூல் இந்த வேடிக்கையைத் தேர்ந்தார். எனக்கு இது இன்றும் சற்றுக் கூச்சம் தருகிற இடம்.

அகராதியில் இச்சொல்லுக்கென்றே ஒரு பதிவு உண்டு. அதில் பொருள்கள் தரப்படும் வரிசையைக் கவனிக்க வேண்டும். உள்ளூர் மக்களின் கொண்டாட்டக் கிளர்ச்சி, தமாஷா என்பது முதற்பொருள். குறிப்பாக முஹர்ரம் சடங்குகள் என்பது அடுத்தது. அழுகை என்னும் செய்தி, சொல் எப்படிப் பிறந்தது என்ற விளக்கத்துக்குள்தான் வருகிறது. ஆக, ஒரு துக்கத்தின் பெயர் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘தமாஷா’ என்னும் பொருளோடு நுழைந்திருக்கிறது. வழக்கில் இருந்ததைத்தான் அகராதி பதிந்தது. அகராதிக்காரர்மீது பழிபோட முடியாது. ஆனால் அந்த வழக்கு எப்படி வந்தது என்பது வரலாற்றுக் கேள்வி. அதற்குரிய சான்றுகளையும் யூலே திரட்டித் தந்திருக்கிறார். இந்த நேர்மைக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு மிகுதி.

அச்சான்றுகளைக் கால வரிசையில் படித்தால் ஒரு கதை தெரிகிறது. 1618இல் பாரசீகத்தில் இருந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு மிகுந்த துயரத்தோடு ஹுசைன் பெயரை அழைப்பதை எழுதுகிறார். பெயரைச் சரியாகவே எழுதுகிறார். சில ஆண்டுகள் கழித்து வந்த தாமஸ் ஹெர்பர்ட்டும் ஒன்பது நாட்கள் மகிழ்ச்சியின்றித் திரிந்து சோகக் குரலில் ‘ஹுசன்’ என்று அழைப்பவர்களைப் பற்றிக் கூறுகிறார். இந்தியாவிலும் பாரசீகத்திலும் சுற்றிய ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர், 1673ஐ ஒட்டிய தம் குறிப்புகளில், இரண்டு வீரர்களுக்கான பத்து நாள் துக்கம் என்று விளக்கிவிட்டு, அதை ‘ஹொசீன் கொசீன்’ என்கிறார். அதே நூலில் இன்னோரிடத்தில் அது ‘ஹாஸி காஸி’ ஆகிவிடுகிறது. எதுகை ஒலிக்கத் தொடங்கிவிட்டது. இருப்பினும் துக்கம் என்பது ஃபிரையருக்கு மறக்கவில்லை.

அடுத்த மூன்று சான்றுகளும் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவை. சென்னைக் கோட்டையின் பழைய ஆவணங்களைக் கொண்டு வீலர் எழுதிய நூலில், 1720ஐச் சார்ந்த நிகழ்ச்சி ஒன்றில் இது ‘ஹொசைன் ஜொசன்’ என்னும் பண்டிகையாக வருகிறது. டச்சுப் பாதிரியாரான வாலண்டைன் 1726இல், இரு சகோதரர்களுக்கான துக்ககாலம் இது என்று சரியாகச் சொல்லிவிட்டு, டச்சுக்காரர்கள் இதை ‘ஜாக்சம் பாக்சம்’ என்று அழைப்பதாகக் குறிக்கிறார். மூன்றாவது, ஆர்க்காடு. 1751இல் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, சந்தா சாகிபின் மகன் ரசா சாகிப் இறுதித் தாக்குதலுக்குத் தேர்ந்தெடுத்த நாள் நவம்பர் 14, முஹர்ரம் காலம். அதைப் பற்றி 1763இல் எழுதிய ராபர்ட் ஓர்ம், கொல்லப்பட்ட சகோதரர்களின் பெயர் ‘ஹாசெயின், ஜாசெயின்’ என்கிறார். இங்கு நிகழ்ந்திருப்பதை ஊன்றிப் பாருங்கள். ஃபிரையரிடமும் வாலண்டைனிடமும் திரிந்தது விழாவின் பெயர். ஓர்மிடம் மனிதர்களின் பெயரே திரிந்துவிட்டது. ஹசன் என்றொருவர் அந்த வரியில் இல்லவே இல்லை. ஜாசெயின் என்று பிறவாத ஒருவர் அங்கே கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அதுவும் பெருமதிப்புப் பெற்ற வரலாற்று நூலில்.

கடைசியாக 1829. பம்பாயில் வெளிவந்த வேட்டை, விளையாட்டு இதழ் ஒன்றில், கல்லாத பாமரனின் கொச்சையில் எழுதப்பட்ட பகுதியில், தாசியாக்கள் அழகான ‘காகிதப் பெட்டிகள்’ ஆகிவிடுகின்றன. அவற்றைச் சுமந்து வருகிறவர்கள் வெடிபோட்டு, எக்காளம் ஊதி, ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று கத்துகிறார்கள். யார் இறந்தார், எதற்கு அழுகை என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

பொதுவாக நாம் என்ன நினைப்போம்? பழக்கம் குறைவாக இருந்த காலத்தில் தவறாகக் கேட்டிருப்பார்கள், பழகப் பழகத் திருத்திக்கொண்டிருப்பார்கள் என்று. இங்கே நேர்மாறாக நடந்திருக்கிறது. வழிப்போக்கராக வந்தவர் சரியாகக் கேட்டார். இருநூறு ஆண்டு பழகி ஆளத் தொடங்கியவர்கள் தவறாகக் கேட்டார்கள். தெல்லா வாலே கற்றறிந்தவர், இதழில் பேசுகிறவன் கொச்சைப் பாத்திரம். இருவரையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர்மைக் கல்லாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அறியாதவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த இதழ் வந்த மூன்றே ஆண்டுகளில், 1832இல், ஏலூரைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப் எழுதி, சென்னைப் படை மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்த்த ‘கானூனே இஸ்லாம்’ லண்டனில் வெளிவந்தது. முஹர்ரம் பத்து நாளும் என்னென்ன நடக்கும், எந்தக் குரல் எப்போது எழும் என்பதெல்லாம் அதில் விரிவாக உண்டு. (அந்நூலை ஹெர்க்லாட்ஸ் நூல் என்று குறிப்பவர்களே இன்றும் மிகுதி. ஜாஃபர் ஷரீஃபுக்கு நேர்ந்ததும் ஒருவகைத் திரிபுதான்.)

இங்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐதராபாத்துக்கு வந்த முதலாண்டு, முஹர்ரம் பத்தாம் நாள், பழைய நகரத்தில் தபீர்புராவிலிருந்து சாதர்காட் நோக்கி யானைமேல் பீபி கா ஆலம் செல்லும் ஊர்வலத்தைக் காணப் போயிருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில், ஒரு சந்தின் முனையில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து எனக்குப் பெயர்கள் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் மார்பில் விழும் ஓசையும், அதோடு பொருந்தி உயர்ந்து தாழும் இரண்டு ஒலிக்கொத்துகளும் மட்டுமே கேட்டன. என்ன சொல்கிறார்கள் என்பதை முன்பே அறிந்திருந்ததால்தான் அவற்றைப் பெயர்களாகப் பிரித்துக்கொள்ள முடிந்தது. ஆகவே அந்தப் படைவீரனின் காதை நான் குறை சொல்லத் தயாரில்லை. தொலைவில் நிற்பவனுக்குத் தாளம்தான் முதலில் வந்து சேர்கிறது. அந்தத் தாளத்தை அவன் எந்த அச்சில் வார்த்தான் என்பதில்தான் செய்தி இருக்கிறது.

அந்த அச்சு ஆங்கிலத்தில் ஆயத்தமாக இருந்தது. ஹோகஸ்-போகஸ், ஹர்லி-பர்லி, ஹெல்டர்-ஸ்கெல்டர், ஹாட்ஜ்-பாட்ஜ், ஹிக்கில்டி-பிக்கில்டி என்று முதலெழுத்து மட்டும் மாறி இரட்டிக்கும் சொற்கள் அம்மொழியில் ஏராளம். வியக்கத்தக்க அளவில் அவை ஹகரத்தில் தொடங்குகின்றன. பொருளைப் பாருங்கள்: கண்கட்டு வித்தை, அமளி, தலைதெறிக்கும் ஓட்டம், கலவை, தாறுமாறு. இந்த வாய்பாட்டுக்குள் எந்தச் சொல் விழுந்தாலும் குழப்பம், கூச்சல் என்னும் சாயம் தானே ஏறிவிடும். ‘ஹாப்சன்-ஜாப்சன்’ தமாஷா என்று பொருள்பட்டதற்குப் படைவீரனின் ஏளனம் மட்டும் காரணமன்று. ஒலியின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிட்டது என்பது என் கருத்து. இதில் ஹோகஸ்-போகஸின் கதை குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பத்தை உயர்த்திக் குரு சொல்லும் லத்தீன் தொடரின் கேலித் திரிபு அது என்று 1694இல் கேன்டர்பரிப் பேராயர் டில்லட்சன் ஊகித்தார். அந்த ஊகம் நிறுவப்பட்டதன்று. ஆனால் ஒரு பேராயருக்கே அப்படித் தோன்றியது என்பது, அடுத்தவரின் வழிபாட்டொலியை உளறலாகக் கேட்பது ஆங்கிலேயர்களிடையே உள்நாட்டிலேயே நன்கு அறியப்பட்டிருந்த பழக்கம் என்பதைக் காட்டுகிறது.

பெயர்களின் தேர்வும் வெறுமையானதன்று. ‘ஹாப்’ என்பது ராபர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். பட்டிக்காட்டான், கோமாளி என்ற பொருளும் அதற்குப் பழைய ஆங்கிலப் பேச்சில் உண்டு. ஹாப்சன் ஹாப்பின் மகன். ஜாப்சன் ஜாப்பின் மகன். நம் வழக்கில் சொன்னால் குப்பனும் சுப்பனும்.

ஒரு கிளைவழி. ‘காபி கீபி’, ‘பணம் கிணம்’ என்று இரட்டிக்கும் எதிரொலிச் சொற்கள் திராவிட மொழிகளின் இயல்பு என்பதை அறிவோம். இந்தியா முழுவதையும் ஒரு மொழிப் பரப்பாகக் காண முயன்ற எமனோ, 1956இல் இந்த இயல்பையும் ஒரு சான்றாகக் கொண்டார். ஃபிரையரின் ‘ஹொசீன் கொசீன்’ எனக்கு இதை நினைவூட்டியது. முதல் திரிபை இந்திய வாய்களே, தென்னிந்தியத் துபாஷிகளின் வாய்களே செய்திருக்கலாகாதா? சில நாட்கள் இந்த ஊகத்தை மகிழ்ச்சியோடு சுமந்து திரிந்தேன். பின்னர் கைவிட்டேன். தமிழிலும் தெலுங்கிலும் எதிரொலி இகரத்தை வேண்டும். ‘உசேன் கிசேன்’ என்றுதான் வரும். கொசீனின் ஒகரம் அதற்கு இடம் தரவில்லை. மேலும், இறந்தவர் பெயரை எதிரொலியாக்குவது நம் வழக்கில் இழிவு. துக்கம் காப்பவர் அதைச் செய்யார்.

இனி அந்த ‘விதி’க்கு வருவோம். அகராதி வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1898இல், ஆஸ்திரேலிய ஆங்கிலத்துக்கு அகராதி தொகுத்த எட்வர்ட் மோரிஸ் ‘ஹாப்சன்-ஜாப்சன் விதி’ என்னும் தொடரைக் கையாண்டார். அயற்சொல் ஒன்று, பேசுபவருக்குப் பழக்கமான ஒலிகளாகவும் சொற்களாகவும் உருத்திரிவதற்கு அது பெயராயிற்று. யுவராஜா ‘அப்பர் ரோஜர்’ ஆனதும், வங்காள நவாப் சிராஜுத் தௌலா ‘சர் ரோஜர் டவ்லர்’ ஆனதும், அலகாபாத் ‘வௌவால்களின் தீவு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரானதும் இவ்விதிக்கு உடனே நினைவுக்கு வரும் சான்றுகள். அழுகை தமாஷாவாகி, தமாஷா நூற்பெயராகி, நூற்பெயர் அறிவியல் விதியாகிவிட்டது. இந்த மூன்றாம் நிலையில் சொல் முழுவதும் சலவை செய்யப்பட்டுவிடுகிறது. கிரிம் விதிக்கு அருகில் அது அமர்ந்துகொள்கிறது. என் தோழியின் அடிக்குறிப்பு அந்தச் சலவையின் இயல்பான விளைவு.

இங்கே தமிழ் மாணவர்கள் உடனே எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. இதைத் தொல்காப்பியர் முன்பே சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறார். சொல்லதிகாரத்தின் எச்சவியல், வடசொற்கள் தமிழில் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்கிறது. சிதைந்து வந்தாலும் பொருந்தி வந்தால் விலக்கமாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறது. பர்னெல் இதை அறியாதவரல்லர். 1875இல் ஐந்திர இலக்கண மரபைப் பற்றி அவர் எழுதிய நூலில் தொல்காப்பியத்தை விரிவாகவே எடுத்துப் பேசியவர். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். தொல்காப்பியர் ஒலியைத் திரிக்கிறார்; பொருளைத் தொடவில்லை. அவ்வழியே ஹசன் தமிழில் ‘அசன்’ ஆனார்; ஹுசைன் ‘உசேன்’ ஆனார். ஹகரம் போயிற்று, ஆள் போகவில்லை. அசன், உசேன் என்று பெயரிட்டுக்கொண்டு நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்கிறார்கள். ஹாப்சனாக மாறியபோது ஹசன் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்.

அதற்காக நாம் இத்தகைய திரிபைச் செய்யாதவர்கள் என்று மார்தட்டவும் வழியில்லை. சென்னையின் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ பற்றி இந்த அகராதியிலேயே ஒரு பதிவு உண்டு. ஹாமில்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் கட்டிய பாலம். அவர் பெயர் மக்கள் வாயில் ‘அம்பட்டன்’ என்றாகி ‘அம்பட்டன் வாராவதி’ ஆயிற்று. பிறகு ஆங்கிலேயர் அதை நாவிதர் பாலம் என்று தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர் என்பது அகராதி தரும் விளக்கம். மருத்துவர் சமூகத்தின் பழைய பெயர், இன்று இழிவாகக் கருதப்படுவது, ஓர் ஆங்கிலேயன் தலையில் ஏறி, ஆங்கிலமாகித் திரும்பியது. பின்னாளில் அப்பாலத்துக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. முதலிரண்டு எழுத்துகள் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு எழும். நானும் சிரிப்பேன். ஹாமில்டனுக்கு இதனால் இழப்பு ஒன்றுமில்லை. அவர் பெயர் அரசு ஆவணங்களில் பத்திரமாக இருந்தது. நாவிதர் பாலம் என்று சொல்லி யாரும் அவருடைய இனத்தாரின் துக்க ஊர்வலத்தைத் தடுக்கவில்லை.

தடுத்த இடம் ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு முஹர்ரத்தையும் உடன் கொண்டுபோனார்கள். டிரினிடாடில் அதன் பெயர் ‘ஹோசே’. ஹுசைன் என்பதன் திரிபுதான் அதுவும். அங்கே தாசியா தூக்கியவர்களில் இந்துக்களே மிகுதி. ஹுசைனின் பெயரால் அவர்கள் ஒன்றுதிரண்டதைத் தோட்ட முதலாளிகளும் ஆட்சியாளர்களும் அஞ்சினர். 1884இல் ஊர்வலங்கள் நகரங்களுக்குள் நுழையக் கூடாது என்று விதிமுறை வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் சான் ஃபெர்னாண்டோ நகர எல்லைக்கு வந்த ஊர்வலங்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது 16 பேர் இறந்தனர். 22 என்ற கணக்கும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இது நடந்து இரண்டாண்டுகளுக்குள் லண்டனில் இந்த அகராதி, இந்தப் பெயரோடு, கடைக்கு வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. யூலை இதற்குப் பொறுப்பாக்குவது அறிவற்ற செயல். ஆனால் ஒரே பேரரசு, ஒரே அழுகுரல், ஒரே பத்தாண்டு. ஓரிடத்தில் அது தலைப்பாகும் அளவுக்குச் சுவையானதாகவும், இன்னோரிடத்தில் சுடப்படும் அளவுக்கு அச்சம் தருவதாகவும் இருந்திருக்கிறது. ஹோசே என்னும் சொல் இன்றும் டிரினிடாடில் உயிரோடு இருக்கிறது. ஹகரமும் சகரமும் ஓர் உயிரும் மட்டும் எஞ்சிய திரிபு. ஆனால் அதைச் சொல்பவர்களுக்கு யாருடைய பெயர் என்று தெரியும்.

அகராதியின் பின்வரலாற்றை இங்கே விரிக்கவில்லை. 1903இல் வில்லியம் குரூக் திருத்திய பதிப்புதான் நம் நூலகங்களில் பெரும்பாலும் இருப்பது. ஜாஃபர் ஷரீஃபின் நூலை 1921இல் மறுபதிப்புக்குத் திருத்தியவரும் இதே குரூக். கிப்ளிங் மதிப்புரை எழுதினார். சல்மான் ருஷ்டி கட்டுரை எழுதினார். டாம் ஸ்டாப்பர்டின் நாடகம் ஒன்றில் இருவர் இச்சொற்களை அடுக்கி விளையாடுகிறார்கள். சுருட்டும் கட்டுமரமும் மிளகுதண்ணீரும் தோப்பும் எந்தெந்த வழியாக ஆங்கிலத்துக்குப் போயின என்று அறிய இன்றும் அதற்கு நிகரான நூல் இல்லை. நான் வாரத்துக்கு ஒருமுறையேனும் அதைத் திறக்கிறேன். மேசைமீது இருக்கும்போது முதுகுப் பக்கம் சுவரை நோக்கி இருக்குமாறு வைத்த காலமும் உண்டு. இப்போது அப்படிச் செய்வதில்லை.

என் தோழி, இந்தக் கலைச்சொல்லையே தம் ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீக்கினால் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் வாய்ப்பும் போய்விடும். இறுதியில் அவர், இயலின் உடற்பகுதியில் ‘ஒலித்தழுவல்’ என்று மட்டும் எழுதினார். அடிக்குறிப்பில், ஆங்கில வழக்கில் இது ஹாப்சன்-ஜாப்சன் விதி எனப்படும், இப்பெயர் ஹசன், ஹுசைன் ஆகியோருக்காக எழுப்பப்படும் முஹர்ரம் அழுகுரலின் திரிபு என்று இரண்டு வரி சேர்த்தார். பழைய குறிப்பில் இருந்ததைப் போலவே இதிலும் இருவர் இருக்கிறார்கள்.

நண்பர்களிடம் ஓர் உதவி. தமிழகத்தின் பல ஊர்களில் முஹர்ரம் ‘அல்லாசாமி பண்டிகை’ என்றும் ‘பஞ்சா’ என்றும் வழங்குகிறது. தஞ்சாவூரை அடுத்த காசவளநாடு புதூரில் இந்துக்களே தீமிதித்து அதைக் கொண்டாடுகிறார்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்? ஊர்வலத்தில் எழும் குரல் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயில் எப்படி ஒலிக்கும்? கேட்டபடியே, திருத்தாமல், கீழே எழுதுங்கள்.